குற்றால மலை கடலுக்குப் போகிறது!

சிற்றாறு சுமந்து செல்லும் மண், கடலடியில் அடுக்கடுக்காகப் படியும் அதிசயம்

ஆனி பிறந்துவிட்டது. குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது. தென்காசி ரயில் நிலையத்தில் இறங்கும் கூட்டத்துக்குக் கணக்கு இல்லை. கையில் துண்டு, தலையில் எண்ணெய், பின்னால் பிள்ளைகள்!

பேரருவியில் குளியல் நடந்துகொண்டு இருக்கும். திடீரென்று தண்ணீரின் நிறம் மாறும். பஞ்சு போல் வெள்ளையாகக் கொட்டிய அருவி, செம்மண் கரைசலாகக் கொட்டும். அவ்வளவுதான், போலீஸ்காரர் விசில் ஊதிவிடுவார். "எல்லோரும் வெளியே வாங்க!"

குளிக்கத் தடை. கூட்டம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கரையில் நிற்கும்.

ஆனால், பார்க்க வேண்டிய காட்சி அப்போதுதான் தொடங்குகிறது. அந்தச் சிவப்பு நிறம் என்ன? மலை! குற்றால மலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, தண்ணீரில் ஏறிப் பயணம் போகிறது.

எங்கே போகிறது? கடலுக்கு. அங்கே போய் என்ன செய்கிறது? படுத்துக்கொள்கிறது. ஒரு படிவு மேல் இன்னொரு படிவாக, பாய் மேல் பாய் விரித்தது போல!

பொங்குமாகடல்

பேரருவியின் உயரம் சுமார் 60 மீட்டர். அத்தனை உயரத்தில் இருந்து தண்ணீர் நேராகத் தலையில் விழுந்தால் ஆள் நிற்க முடியாது. நல்ல வேளையாக, நடுவழியில் பாறையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. தண்ணீர் முதலில் அதில் விழுகிறது, பொங்குகிறது, வேகம் அடங்கிய பிறகு கீழே வருகிறது.

அந்தப் பள்ளத்துக்குப் பெயர் பொங்குமாகடல்.

மலைமேல் இருக்கும் பள்ளத்துக்குக் கடல் என்று பெயர் வைத்தவர் எதை நினைத்து வைத்தாரோ! ஆனால் அதில் விழும் தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் இடம் மெய்யான கடல்தான்.

குற்றாலத்தில் இறங்கும் சிற்றாறு தென்காசியைத் தொட்டு, வீரகேரளம்புதூர், கங்கைகொண்டான் வழியாகக் கிழக்கே ஓடுகிறது. சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. பிறகு ஸ்ரீவைகுண்டம், ஏரல் தாண்டி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் விழுகிறது.

குற்றாலத்து மண்ணின் பாதையும் இதுதான்.

பாறை மண் ஆகிறது

குற்றால மலைப் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருவானவை. அவ்வளவு கெட்டியான பாறை எப்படி மண் ஆகும்?

மழை செய்யும் வேலை அது. மழைத்துளி விழும்போது காற்றில் இருக்கும் கரியமில வாயு அதில் கொஞ்சம் கரைகிறது. அந்தத் தண்ணீர் மிக மெல்லிய அமிலம். குடித்தால் நமக்கு ஒன்றும் ஆகாது. பாறையை மட்டும் விடாமல் அரிக்கும். வெடிப்பில் மர வேர் நுழையும். வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, பாறை உதிரும்.

உதிர்ந்த பாறை இரண்டு விதமாகப் பிரிகிறது. பாறையில் உள்ள ஒரு வகைக் கனிமம் தண்ணீர் பட்டுப் பட்டு மாவாகி, களிமண் ஆகிவிடுகிறது. கண்ணாடி போல் மினுக்கும் இன்னொரு வகையான படிகக்கல் எதற்கும் அசையாது. அதுதான் மணல்.

தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் கடற்கரை மணலைக் கையில் அள்ளிப் பாருங்கள். சில இடங்களில் சிவப்புப் பொட்டுப் போன்ற மணிகள் மின்னும். கார்னெட் என்று பெயர். அது மலைப் பாறைக்குள் பிறக்கும் மணி. மலையில் இருந்து ஆறு கொண்டுவந்து போட்ட சொத்து!

அப்பளம் போன்ற மண்

ஆறு எல்லாவற்றையும் ஒரே மாதிரி தூக்கிப் போவது இல்லை. உருட்டுக் கல்லை அருவிக்கடியிலேயே விட்டுவிடும். சரளையைத் தென்காசிப் பக்கம் விடும். மணலை இன்னும் கொஞ்ச தூரம் உருட்டிச் செல்லும். மிக நுண்ணிய வண்டலை மட்டும் கடைசி வரை விடாமல் சுமக்கும்.

நடுவில் பங்கு கேட்க ஆட்கள் உண்டு. சிற்றாற்றில் மட்டும் 17 தடுப்பணைகள். ஒவ்வொன்றில் இருந்தும் வாய்க்கால், வாய்க்காலுக்குக் குளம். கலங்கல் தண்ணீர் குளத்தில் வந்து நின்றதும் வண்டல் அடியில் தங்கிவிடுகிறது.

கோடையில் குளம் வற்றியதும் கரம்பை எடுக்க வண்டி வரும். வயலுக்கு அதைவிட நல்ல உரம் ஏது?

அந்த நேரத்தில் குளத்துத் தரையைக் கவனித்துப் பாருங்கள். மண் பாளம் பாளமாக வெடித்து இருக்கும். மேல்மண் மெல்லிய தகடாக உரிந்து, பொரித்த அப்பளம் போல் சுருண்டு கிடக்கும். ஒரு பாளத்தைப் பெயர்த்துப் பக்கவாட்டில் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு கோடு.

கடலுக்கு அடியில் நடப்பதும் இதுவே. அங்கே குளம் பெரியது. கோடையும் இல்லை, கரம்பை எடுக்க வண்டியும் போகாது!

பாட்டிலுக்குள் கடல்

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிள்ளைகள் செய்து பார்க்க ஏற்றது.

இரண்டு கண்ணாடிப் பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரு பிடி தோட்டத்து மண் போட்டு, தண்ணீர் நிரப்புங்கள். ஒரு பாட்டிலில் மட்டும் ஒரு பிடி உப்பைச் சேருங்கள். நன்றாகக் குலுக்கி, மேஜைமேல் வையுங்கள்.

மணல் நொடியில் இறங்கிவிடும். அதன்மேல் பொடி மண் மெதுவாகப் படியும். களிமண்ணோ இறங்க மறுக்கும். உப்பு இல்லாத பாட்டிலில் தண்ணீர் மறுநாளும் கலங்கலாகவே இருக்கும்.

உப்புப் போட்ட பாட்டில்? அது சீக்கிரம் தெளிந்துவிடும்.

காரணம் இது. களிமண் துகள்கள் மிக மிகச் சிறியவை. தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, மிதந்துகொண்டே இருக்கும். இப்படி ஒரு துகள் 100 மீட்டர் ஆழமுள்ள கடலில் தனியாக இறங்கினால், தரையைத் தொட மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கல்கண்டுத் துணுக்கு அளவு மணலுக்குக் கால் மணி நேரம் போதும்!

உப்பு நீர் பட்டதும் துகள்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கின்றன. கூட்டம் சேர்ந்து கனம் கூடியதும் மளமளவென்று இறங்கிவிடுகின்றன. நம் பாட்டிமார் தேற்றாங்கொட்டையைப் பானையில் உரைத்துக் கலங்கல் தண்ணீரைத் தெளியவைத்தார்கள் அல்லவா? கடல் உப்பைக் கொண்டு அதையே செய்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கடலில் மிதக்கும் சின்னஞ்சிறு உயிர்கள் மண் துகளையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன. எச்சமாக வெளியே வரும்போது அது உருண்டையாகி, விரைவாக அடியில் போய் விழுகிறது. கடல் தரையில் கிடக்கும் மண்ணில் ஒரு பங்கு, இப்படி யார் வயிற்றிலோ போய் வந்ததுதான்!

கடலுக்குள் ஒரு திண்ணை

கரையோடு நிலம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அது சரி அல்ல. வீட்டு வாசலுக்கு வெளியே திண்ணை நீண்டு இருப்பது போல, நிலமும் கடலுக்குள் நீண்டு இருக்கிறது. இதைக் கண்டத் திட்டு என்பார்கள். அங்கே ஆழம் குறைவு. பெரும்பாலும் 200 மீட்டருக்குள் அடங்கும். திண்ணை முடிந்ததும் சரிவு. சரிவில் இறங்கினால் ஆழம் ஆயிரக்கணக்கான மீட்டர்.

ஆறு கொண்டுவரும் மண்ணில் பெரும்பகுதி இந்தத் திண்ணையிலும் சரிவிலும்தான் தங்குகிறது. அலை அடிக்கும் கரையோரம் மணல். சற்றுத் தள்ளிப் பொடி மண். அதற்கும் அப்பால் சேறு.

அமைதியான மாதங்களில் மெல்லிய சேறு படிகிறது. வெள்ளம் வரும்போது ஒரே வாரத்தில் கனத்த படிவு விழுகிறது. கூடவே மேலிருந்து நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் ஓயாமல் விழுகின்றன. நிலத்து மண்ணும் கடல் ஓடுமாகக் கலந்து அடுக்கு உயர்கிறது. ஆற்று முகத்துவாரத்தில் ஓர் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்கூடப் படியலாம். நடுக்கடலில் ஓர் ஆயிரம் ஆண்டு காத்திருந்தாலும் சில சென்டிமீட்டர் சேர்ந்தால் அதிகம்.

எல்லாப் படிவும் ஒழுங்காக நிலைத்துவிடாது. புழுக்களும் நண்டுகளும் துளை போட்டுக் குடைந்து, அடுக்கைக் கலைத்துவிடும். ஆராய்ச்சியாளர்களுக்கு இவைதான் பெரிய தலைவலி.

மன்னார் வளைகுடாவின் 21 பவளத் தீவுகள் எங்கே இருக்கின்றன தெரியுமா? மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடிப் பக்கம். தாமிரபரணியின் வாயில் ஒன்றுகூட இல்லை. பவள உயிருக்குத் தெளிந்த நீர் வேண்டும். மேலே சேறு விழுந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆறு கலக்கும் இடத்தில் அது குடியிருக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

துறைமுகத்தை விழுங்கிய மண்

மண் படிந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் கொற்கைக்குப் போய்வர வேண்டும்.

பாண்டியரின் பழைய துறைமுகம் கொற்கை. முத்துக்குப் பேர்போன ஊர். கிரேக்க நூல்கள் இதைக் 'கொல்கொய்' என்று குறிக்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69ல் இங்கே தோண்டியது. கிடைத்த கரியைச் சோதித்ததில், கி.மு. 8-ம் நூற்றாண்டிலேயே இங்கே மக்கள் வாழ்ந்தது தெரியவந்தது.

இன்று கொற்கையில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. வயலும் வாழையும்தான் தெரியும். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது!

கடல் ஏன் போயிற்று? அது எங்கும் போகவில்லை. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் ஆண்டாண்டாகப் படிந்து, கடலைத் தள்ளிவிட்டது. கப்பல் நின்ற இடத்தில் கலப்பை நிற்கிறது.

கொற்கை தூர்ந்ததும் வியாபாரிகள் கடலுக்கு அருகே காயலுக்குப் போனார்கள். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோபோலோ வந்து வியந்தது அந்தக் காயல் துறைமுகத்தைத்தான். ஆறு விட்டதா? காயலையும் தூர்த்தது. அது பழைய காயல் ஆயிற்று. பிறகு புன்னைக்காயல். போர்ச்சுகீசியர் காலத்தில் அதற்கு மவுசு. கடைசியில் ஆற்று மண்ணின் தொல்லை இல்லாத தூத்துக்குடிக்கு வாணிபம் மாறியது.

இதை ஆராய்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர் பிஷப் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினாரே, அவர்தான். 1870களில் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து, ஆற்று வண்டல்தான் கடலைத் தள்ளியது என்று எழுதினார்.

இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பாண்டியரின் முதல் துறைமுகம் கொற்கை. கடைசிக் காலப் பாண்டியர் ஆண்ட ஊர் தென்காசி. 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதர் கோவில் கட்டிய அதே ஊர்தான். தென்காசி வழியே போன மண்ணும் சேர்ந்துதான் கொற்கையை மூடியது!

தந்திக் கம்பியை அறுத்த சேறு

திண்ணையில் படிந்த மண் எப்போதும் சாதுவாகக் கிடக்கும் என்று சொல்ல முடியாது.

1929 நவம்பர் 18. கனடா நாட்டின் நியூபவுண்ட்லாந்து தீவுக்குத் தெற்கே கடலடியில் பூகம்பம். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே தந்தி போகக் கடலுக்குள் கம்பி போட்டிருந்தார்கள். பூகம்பம் நடந்த இடத்தில் இருந்த கம்பிகள் உடனே அறுந்தன. அது புரிகிறது. ஆனால் தூரத்தில் இருந்த கம்பிகள் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. 13 மணி நேரம் கழித்துக்கூட ஒரு கம்பி அறுந்தது. மொத்தம் 12!

யார் அறுத்தது? இருபது ஆண்டுகளுக்கு மேல் இது புரியாத புதிராக இருந்தது. 1952ல் ஹீசன், யூயிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் விடை சொன்னார்கள். பூகம்பத்தில் சரிவு மண் பெயர்ந்தது. தண்ணீரோடு கலந்து சேற்று வெள்ளமாகியது. மோட்டார் வண்டி வேகத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடியது. வழியில் இருந்த கம்பிகளை அறுத்துப் போட்டது.

ஓடிய வெள்ளம் அடங்கியதும் என்ன ஆகும்? நமது பாட்டிலில் நடந்ததேதான். முதலில் மணல், மேலே பொடி, அதற்கும் மேலே களிமண். கடலடி மண்ணில் இப்படி அடியில் பருமனும் மேலே நைசுமாக ஓர் அடுக்கைக் கண்டால், அது ஒரே நாளில் வந்த சேறு என்று சொல்லிவிடலாம்.

இந்த முறையில் உலகிலேயே பெரிய மண்குவியல் நம் வங்கக் கடலில்தான் இருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையைக் கரைத்துக் கொண்டுவந்து கொட்டியது. நீளம் சுமார் 3,000 கிலோமீட்டர். இலங்கையையும் தாண்டித் தெற்கே கிடக்கிறது. சில இடங்களில் 16 கிலோமீட்டர் கனம். இமயத்தின் உயரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு!

குழாய் இறக்கிப் படிக்கிறார்கள்

கடலடி அடுக்கைப் பார்க்கக் கப்பலில் இருந்து நீண்ட குழாயை இறக்குவார்கள். அது சேற்றில் குத்தி நிற்கும். மேலே இழுத்தால், மூங்கில் குழாயில் புட்டு வருவது போல் மண் உருளையாக வரும். நம் நாட்டின் 'சாகர் கன்யா' கப்பல் இப்படிப் பல உருளைகளை எடுத்து வந்திருக்கிறது.

மேல் மண் புதியது. அடி மண் பழையது. எவ்வளவு பழையது என்று சொல்லவும் அடையாளங்கள் உண்டு. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் தோபா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் இந்தியா முழுவதும் பறந்தது. வங்கக் கடல் மண்ணிலும் வெண்சாம்பல் கோடாகக் கிடக்கிறது. அந்தக் கோடு தெரிந்தால் தேதி தெரிந்துவிடும்.

கடலோரத் திண்ணை மண் இன்னொரு செய்தியும் சொல்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகில் கடும் குளிர்காலம். தண்ணீரில் பெரும்பங்கு வடக்கேயும் தெற்கேயும் பனிக்கட்டியாக உறைந்து கிடந்தது. கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் கீழே! அன்றைக்கு இங்கிருந்து இலங்கைக்குக் காலால் நடந்து போகலாம். இன்று கடல் மூடிய திண்ணை, அன்று வெறும் நிலம். பனி உருகியதும் கடல் ஏறி வந்தது. அதனால்தான் பல இடங்களில் நிலத்து மண் அடியிலும், கடற்கரை மணல் அதன் மேலும், கடல் சேறு எல்லாவற்றுக்கும் மேலேயும் கிடக்கின்றன.

வராத மண்

இப்போது கதை திரும்புகிறது. அன்று மண் அதிகமாக வந்து ஊரைக் கெடுத்தது. இன்று மண் வருவது குறைந்துவிட்டது.

தாமிரபரணியில் பாபநாசம் அணை 1940களில் வந்தது. மணிமுத்தாறு அணை 1958ல் வந்தது. அணைகள் இல்லாமல் நெல் இல்லை; மின்சாரம் இல்லை. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அணை தண்ணீரோடு மண்ணையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்த மண் மேடாகி, அதில் மரம் செடி முளைத்துவிட்டது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகு, 2015ல்தான் தூர் வாரும் வேலை தொடங்கியது.

மீதி மணலை லாரி கொண்டுபோயிற்று. ஸ்ரீவைகுண்டத்துக்காரரான ஆர். நல்லகண்ணு, தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே வாதாடினார். 2010ல் தடை வந்தது.

மணல் கடலுக்கு வராவிட்டால் யாருக்கு நஷ்டம்? கரையில் குடியிருப்பவர்களுக்கு! அலை ஒவ்வொரு நாளும் கரை மணலை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆறு புது மணலைக் கொடுத்து ஈடு செய்யும். கொடுக்க ஆறு இல்லாவிட்டால் கடல் கரையைத் தின்னும். படகு நிறுத்த இடம் இருக்காது. பிறகு வீட்டுக்கும் இடம் இருக்காது.

எப்போதாவது ஆறு பழைய பாக்கியை ஒரே நாளில் தீர்க்கப் புறப்படுவதும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பேய்மழையை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோனது. ஊர்கள் மிதந்தன. தாமிரபரணி செந்நிறமாகக் கடலுக்குள் பாய்ந்தது.

அந்த வெள்ளத்தின் மண் இன்று புன்னைக்காயலுக்கு வெளியே கடல் தரையில் கிடக்கிறது. அதன்மேல் மெல்லிய சேறு படியத் தொடங்கிவிட்டது. புழுக்கள் கலைக்காமல் விட்டால், பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு குழாய் இறக்குபவர்கள் கைக்கு அது ஒரு தனிக் கோடாகக் கிடைக்கும்.

குற்றாலத்தில் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிடும். போலீஸ்காரர் கயிற்றை அவிழ்ப்பார். கூட்டம் மறுபடியும் அருவிக்குள் பாயும். சற்று முன் விழுந்த கலங்கல், அதற்குள் தென்காசியை நோக்கிக் கிழக்கே போய்க்கொண்டு இருக்கும்.